அலுமினியமும் வீங்குமா?

உங்கள் புதிய பீம்லைன் பொடிக்கு மட்டும்தான் என்று கேள்விப்பட்டதும் எனக்கு முதலில் வந்தது பொறாமை. சந்தோஷம் அப்புறம்தான் வந்தது. மறைத்துப் பேசி என்ன ஆகப்போகிறது? வேலையில் இருந்த காலமெல்லாம் நான் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டது இதற்காகத்தான். எக்ஸ் கதிர் வந்து விழும் இடத்தில் பொடியைத் தவிர வேறெதையும் வைக்காத ஒரு பீம்லைன். வேறு ஆட்கள் வந்து அலைநீளத்தைத் திருப்ப மாட்டார்கள், டிடெக்டரைத் தள்ளிவைக்க மாட்டார்கள். அது இப்போது உங்கள் கையில் இருக்கிறது. நானோ ஓய்வு பெற்றுப் பூதப்பாண்டியில் உட்கார்ந்து கொசு அடித்துக்கொண்டிருக்கிறேன். பொறாமை வராமல் என்ன செய்யும்?

"புதுசா வந்த பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கக்கா" என்று கேட்டது உங்கள் பொறுப்பாளர் சுபாதான். கருவியைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது, அது என்னைவிட நன்றாகப் பேசும். நான் எழுதப்போவது ஒரு கல்யாணப் பந்தியைப் பற்றி. சிரிக்காமல் கேளுங்கள். சுபா இன்று உங்களுக்கெல்லாம் தலைவியாக உட்கார்ந்திருப்பது அந்தப் பந்தியில் இலை போட்டபோது தொங்கலில் நின்ற விஷயம்.

முதலில் அந்தக் காலத்து பீம்லைனைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அது புரியாவிட்டால் மற்றதும் புரியாது. வடக்கே, எலக்ட்ரான்கள் சுற்றியோடி எக்ஸ் கதிரைக் கொட்டும் வளையத்தை ஒட்டி இருந்த எங்கள் பீம்லைன் மூன்று கூட்டத்துக்குப் பொது. பொடிக்காரர்கள் நாங்கள் ஒரு கூட்டம். எங்களுக்கு அலைநீளம் ஒரே இடத்தில் ஆணி அடித்த மாதிரி நிற்க வேண்டும். பொருள் எந்த அலைநீளத்தை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்க்கும் உட்கவர்தல் ஆட்கள் இன்னொரு கூட்டம். அவர்களுக்கு அலைநீளம் நகர்ந்துகொண்டே இருந்தால்தான் பிழைப்பு. மூன்றாவது, பொருளை நசுக்கி நசுக்கிப் பார்க்கும் உயர் அழுத்தக்காரர்கள். அவர்கள் வந்தால் மேசையையே கழற்றிப்போடுவார்கள். மூன்று கூட்டமும் முறை வைத்து மாறி மாறி உள்ளே போவோம். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் பழைய இடத்துக்குக் கொண்டுவரவே பாதி நேரம் போய்விடும்.

உட்கவர்தல் கூட்டத்துக்குப் பொறுப்பு தங்கராஜ். தக்கலைக்காரர். அவ்வளவு தூரம் தாண்டிப் போயும் எனக்குச் சண்டை போட நம்ம மாவட்டத்து ஆள்தான் வாய்த்தார். மீட்டிங்கில் "நீங்க, வாங்க" என்று பேசுவோம். வெளியே வந்தால் நீ, நான்தான். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பக்கத்தில் பிறந்ததாலோ என்னவோ, கேபினில் நாற்காலியில் உட்கார்ந்தால் மகாராஜா கணக்காகத்தான் உட்காருவார். எழுந்திருக்கவே மாட்டார்.

"கோமதி, நாஞ்சில் நாட்டுக்காரி நீ. கன்னிப்பூவும் கும்பப்பூவுமா ரெண்டு போகம் எடுத்துத் தின்னு வளந்தவ. இருபூ நிலத்தை ஒருபூ ஆக்கணும்ணு நிக்கியே, ஒனக்கு மனசாட்சி உண்டா?" என்பார்.

"வயல் வேற, இது வேற. நீ அறுத்துட்டுப் போன வயல்ல நான் வந்து கல்லு பொறுக்கிட்டு நிக்கேன்" என்பேன்.

இந்தச் சண்டை எங்களுக்குள் ஓயவே ஓயாது. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒப்பு. அதுதான் ஊதா. சுருதி சேர்க்கிற மாதிரி, அணுக்களின் இடைவெளி துல்லியமாகத் தெரிந்த ஒரு பொடியைக் கதிரில் வைத்து, நம் அலைநீளம் சரியா என்று பார்ப்போம் இல்லையா? எங்களுடையது ஊதா நிறப் பொடி. அதற்கு நீளமான ரசாயனப் பெயர் உண்டு, ஆனால் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. "ஊதா பார்த்தாச்சா?" என்பதுதான் எங்கள் பீம்லைனில் வணக்கம். முறை முடிந்து போகிறவர் ஊதா பார்த்து, வருகிறவர் கையில் விட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அதற்காகவே கேபினில் இரண்டு நாற்காலி இருந்தது. ஒன்று போகிறவருக்கு, ஒன்று வருகிறவருக்கு.

சுபா அப்போது நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சி மாணவி. ஊர் தோவாளை. அப்பாவுக்கு அங்கே பூச்சந்தையில் மாலைக்கடை. அவள் ஒரு புது பேட்டரிப் பொருள் செய்திருந்தாள். அடுக்கடுக்கான அமைப்பு கொண்ட பொடி. பேட்டரியில் போட்டு மின்சாரம் ஏற்றி இறக்கினால் இந்த மாதிரிப் பொருள் வீங்கும், சுருங்கும். ரொம்ப வீங்கினால் விரிசல் விட்டு, பேட்டரி சீக்கிரம் சாகும். தன் பொருள் அதிகம் வீங்காது என்று காட்டத்தான் அவள் அவ்வளவு தூரம் வந்திருந்தாள். முதலில் புது பேட்டரியை அப்படியே அளப்பது. பிறகு தங்கராஜின் ஆட்கள் முறை. அந்த நேரத்தில் இவள் பேட்டரியை ஏற்றி இறக்கி வைத்துக்கொள்வாள். அடுத்த முறையில் திரும்பவும் அளப்பது. இரண்டையும் ஒப்பிட்டால் வீக்கம் தெரிந்துவிடும். வெகு எளிமையான திட்டம்.

அவள் முதல் பாதியை அளந்து முடித்ததைப் பார்த்துவிட்டுத்தான் நான் ஊருக்குக் கிளம்பினேன். என் அண்ணன் மகளுக்குப் பூதப்பாண்டியில் கல்யாணம். தங்கராஜும் தன் ஆட்களிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு என்னோடு அதே ரயிலில் வந்தார். அழைத்தது நான்தான். கல்யாணத்துக்கு வராவிட்டால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவேன் என்று அவருக்குத் தெரியும். வழி நெடுக ஒருபூ, இருபூ சண்டை. எதிரே இருந்தவர் நாங்கள் நிலத் தகராறுக்காகக் கோர்ட்டுக்குப் போகிறோம் என்றே நினைத்துவிட்டார். எந்த வக்கீல் என்று கேட்டார்.

கல்யாண மண்டபத்தில் என் மதினிமார்கள் சும்மா இருப்பார்களா?

"கோமதி மதினி வடக்க பொடி வேலை பாக்காளாம். மூக்குப்பொடியா, சாம்பார்பொடியா?"

பொறுமையாக விளக்கினேன். பொருளைப் பொடியாக்கி எக்ஸ் கதிரில் காட்டினால் கதிர் சிதறும். அதை வரைந்து பார்த்தால் கோடு கோடாக நிற்கும். கோடு நிற்கும் இடத்தை வைத்து, உள்ளே அணுக்கள் எவ்வளவு தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கின்றன என்று சொல்லிவிடலாம். பொருள் வீங்கினால் கோடு இடது பக்கம் நகரும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மதினி, "அப்போ பொடி வேலைதான்" என்றாள். சபையே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் போன் அடித்தது.

சுபா. எடுத்ததும் அழுகை.

"ஏட்டி, என்னட்டி ஆச்சு? அழாம சொல்லு."

"வீங்கிருச்சு மேடம். ரொம்ப வீங்கிருச்சு. ரெண்டாவது தடவை அளந்ததுல எல்லாக் கோடும் இடது பக்கம் போயிருக்கு. கைடு சார் பாத்துட்டு, இந்தப் பொருள் வேண்டாம், விட்டுருண்ணு சொல்லிட்டாங்க. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஃபெல்லோஷிப்புக்கு ரிப்போர்ட் அனுப்பணும். வீங்குதுண்ணு எழுதி அனுப்பினா அவ்வளவுதான். ஃபெல்லோஷிப் நிக்கும். நான் பெட்டியக் கட்டிட்டு ஊருக்கு வரவேண்டியதுதான்."

"திரும்ப அளந்தியா?"

"எங்க மேடம்? என் முறை முடிஞ்சுது. ஹைபிரஷர் ஆளுங்க வந்து எல்லாத்தையும் கழத்திட்டாங்க. அவங்க முடிச்சதும் வளையத்தையே பராமரிப்புக்கு நிறுத்திடுவாங்க. பேட்டரியையும் நான் பிரிச்சுட்டேன்."

என் வாயில் அடுத்து வந்தது அந்த ஒரே கேள்விதான். "ஊதா பார்த்தியா?"

மெல்லிய குரலில், "தங்கராஜ் சாரோட ஆளுங்க பாத்திருப்பாங்கண்ணு நெனச்சேன் மேடம்" என்றாள்.

நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கினேன். தங்கராஜின் ஆட்கள் முறையை முடிக்கும் நேரத்தில் மின்சாரம் ஒரு கணம் போய் வந்திருக்கிறது. வளையத்தில் எலக்ட்ரான் கற்றை போய்விட்டது. கதிர் இல்லாமல் ஊதா பார்ப்பது எப்படி? அவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு, முறையும் முடிந்ததால் எழுந்து போய்விட்டார்கள். கற்றை திரும்பி வந்தபோது சுபாவின் முறை தொடங்கிவிட்டது. திரையில் அலைநீளம் பழைய எண்ணையே காட்டியது. அவளும் நம்பி ஆரம்பித்துவிட்டாள். ஆனால் மின்சாரம் போய் வந்தால் அலைநீளத்தைத் தேர்கிற படிகத்தின் மோட்டார் தான் நிற்கும் இடத்தையே மறந்துவிடும் என்பது உங்களுக்கும் தெரியும். திரையில் ஒரு எண் இருக்கும், படிகம் வேறெங்கோ நிற்கும். எவ்வளவு தள்ளி நின்றது என்று ஊதா பார்த்துச் சொல்லலாம் என்றால், உயர் அழுத்தக்காரர்கள் அதற்குள் அந்தப் படிகத்தையும் திருப்பிவிட்டார்கள். அளவுகோலையே தொலைத்துவிட்டோம். வீக்கம் பொடியில் இருக்கிறதா, நம் கருவியில் இருக்கிறதா என்று எப்படிச் சொல்வது?

"படத்தை அனுப்பு. ரிப்போர்ட்டை அனுப்பாத. நான் சொல்ற வரைக்கும் ஒண்ணும் செய்யாத" என்று சொல்லிவிட்டுத் திரும்பினால் எதிரே சுபாவின் அப்பா நிற்கிறார். கல்யாண மாலை அவர் கடையிலிருந்துதான் வந்திருந்தது. அவரே கொண்டுவந்திருந்தார். சட்டையெல்லாம் பிச்சி மணம்.

"மேடம், எம்மவ அங்க எப்படி இருக்கா? போன் பண்ணினா ஆராய்ச்சியில இருக்கேன், பொறவு கூப்பிடுகேன்னு வச்சிருகா."

அவள் அழுகை என் காதை விட்டு இன்னும் போகவில்லை. "நல்லா இருக்கா அண்ணாச்சி" என்றேன். அந்த மனிதர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க முடியாமல் மணமேடைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தங்கராஜைத் தேடினேன். பந்தியில் இருந்தார். பருப்பு, சாம்பார், புளிசேரி எல்லாம் தாண்டி, அடைப்பிரதமனில் மட்டிப்பழத்தையும் பப்படத்தையும் போட்டு நொறுக்கிப் பிசைந்துகொண்டிருந்தார். பக்கத்து இலை காலி. போய் உட்கார்ந்து பொரிந்து தள்ளினேன்.

"இருபூ, இருபூண்ணு பாட்டு பாடுனியே! இப்போ பாரு, ஒரு பிள்ளைக்க வாழ்க்கை போகுது. உன் ஆளுங்க ஊதா பாக்காமப் போயிருக்கானுவ."

"கதிரு இல்லாம எப்படிப் பாப்பான்? வந்தவதானே பாக்கணும்?"

"போறவன்தான் பாத்துக் கொடுக்கணும்!"

"ஏ கோமதி, வெப்ராளப்படாத. ஆளுவ பாக்கு. எனக்கு மோர் ஊத்தலாமா வேண்டாமாண்ணு தெரியாம அந்தப் பையன் நிக்கியான். பைய சொல்லு."

விளம்பிக்கொண்டிருந்தவர்கள் நிஜமாகவே வாளியோடு நின்றுவிட்டார்கள். பெண் வீட்டுக்காரி பந்தியில் சண்டை போட்டால் யார்தான் நிற்கமாட்டார்கள்? அதற்குள் படம் வந்தது. போனைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே முதல் அளவு, கீழே இரண்டாவது. சுபாவின் பொருளுக்கு உரிய கோடுகள் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் இடது பக்கம் தள்ளித்தான் நின்றன. எனக்குப் பழக்கமான கண், பழக்கமான வழியில்தான் போனது. பொருள் வீங்கியிருந்தாலும் இப்படித்தான் இருக்கும், அலைநீளம் மாறியிருந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். சின்னப் படத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வேன்?

தங்கராஜ் இலையில் இருந்து கையை எடுக்காமலே எட்டிப் பார்த்தார். அவருக்குப் பொடிப் படம் வாசிக்கவே தெரியாது. தெரியாது என்று பெருமையாகவும் சொல்லிக்கொள்வார்.

"இந்தச் சாம்பல் பட்டைக்குள்ள நிக்குதே, இது என்ன கோடு?"

"அது வேண்டாதது. பேட்டரிக்குள்ள அலுமினியத் தகடு இருக்கும். அதுக்க கோடு. நாங்க அதை மறைச்சுட்டுத்தான் மத்ததைப் பாப்போம்."

"ஓ." பிரதமனை ஒரு வாய் போட்டுக்கொண்டார். மறுபடி எட்டிப் பார்த்தார். "மேல ஒரு இடத்துல நிக்குது, கீழ கொஞ்சம் இந்தப் பக்கமா நிக்குது. ஏ கோமதி, அலுமினியமும் வீங்குமா?"

போனை இன்னும் பெரிதாக்கி அந்தப் பட்டைக்குள் பார்த்தேன்.

பேட்டரியில் மின்சாரம் ஏறினாலும் இறங்கினாலும் அந்த அலுமினியத் தகடு சும்மா கிடக்கும் சாமான். அது வீங்காது. வீங்காத சாமானின் கோடு நகர்ந்திருக்கிறது என்றால் நகர்ந்தது அளவுகோல்தான். எத்தனை ஆயிரம் படம் பார்த்திருப்பேன்! எத்தனை பிள்ளைகளுக்கு, "அலுமினியத்தை மறைச்சுட்டுப் பாரு" என்று நானே சொல்லிக்கொடுத்திருப்பேன்! பொடிக்காரர்கள் யாருமே அந்தப் பட்டைக்குள் பார்க்க மாட்டோம். பார்க்கக் கூடாது என்று பழகியிருக்கிறோம். பழகாத ஒருத்தர் கண்ணுக்குத்தான் அது முதலில் பட்டது.

எழுந்து ஓடப் போனேன். தங்கராஜ் இடது கையால் என் சேலை முந்தானையைப் பிடித்து நிறுத்தினார். பந்தியே பார்த்தது.

"நில்லு. சூடு பட்டாலும் அலுமினியம் வீங்குமா இல்லியா? அதைக் கேளாம அந்தப் பிள்ளைட்ட சரிண்ணு சொல்லிராத. பொறவு அதுவும் தப்புண்ணு ஆச்சுண்ணா அவ ரெண்டு தடவை அழணும்."

எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் அவர் சொன்னது நியாயம். பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நமக்குப் பிடித்த பதில் கையில் கிடைத்த கணம்தான் ரொம்ப ஆபத்தான கணம். அதுவும் ஒரு பெண் போனில் அழுதுகொண்டிருக்கும்போது, அவள் அப்பா பக்கத்தில் நிற்கும்போது, உண்மையை விடப் பிடித்த பதில்தான் வாயில் முதலில் வரும். அன்று என் முந்தானையை ஒருத்தர் பிடித்தார். உங்களைப் பிடிக்க ஒருத்தரை வைத்துக்கொள்ளுங்கள்.

கை கழுவும் இடத்தில் போய் நின்று சுபாவைக் கூப்பிட்டேன். "அளந்து முடிச்சதும் பேட்டரியைக் கையில எடுத்தியா? சூடா இருந்துதா?"

"இல்ல மேடம். ஏ.சி.யில ஜில்லுண்ணு இருந்துது."

அலுமினியம் அந்த அளவு வீங்க வேண்டுமானால் தொட்டால் கை சுட்டிருக்க வேண்டும். சுடவில்லை. அப்புறம்தான் சொன்னேன். "சாம்பல் பட்டையை எடு. அலுமினியக் கோடு எல்லாத்தையும் எடுத்துக்கோ. அந்த அலுமினியம் ரெண்டு தடவையும் ஒரே அலுமினியம்தான். அதை ஊதாவா வச்சுக்கிட்டு அளவுகோலைத் திருத்து. அலைநீளம் மாறியிருந்தாலும் சரி, டிடெக்டர் நகர்ந்திருந்தாலும் சரி, ரெண்டுக்கும் அதுவே சாட்சி. திருத்தினப்புறம் உன் பொடி என்ன சொல்லுதோ, அதை எழுது. வீங்கியிருந்தா வீங்கியிருக்குண்ணே எழுது. புரியுதா?"

"புரியுது மேடம்." அழுகை நின்றிருந்தது. அந்தக் குரல் இப்போதும் என் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் கல்யாணத்தில் இல்லை. உடம்பு மட்டும்தான் இருந்தது. மணமக்களோடு போட்டோவுக்கு நிற்கச் சொன்னார்கள், நின்றேன். அந்த போட்டோவில் எல்லோரும் கேமராவைப் பார்க்க, நான் மட்டும் கையிலிருக்கும் போனைப் பார்க்கிறேன். அண்ணன் மகள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சண்டை போடுவாள். தங்கராஜ் என்னிடம் திரும்பத் திரும்ப, "வந்துதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தன் ஆட்களைக் கூப்பிட்டு அந்தப் பெண்ணுக்குக் கணக்குப் போட உதவச் சொன்னதும் அவர்தான். எங்கள் கூட்டத்தில் அந்த நேரம் அங்கே ஆள் இல்லை. உட்கவர்தல் பையன்கள் இரண்டு பேர் பொடிப் படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்கள்.

மண்டபம் காலியாகி, பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. திருத்திப் பார்த்ததில் பெரிய வீக்கம் காணாமல் போயிருந்தது. மிச்சம் இருந்தது அடுக்குகளுக்கு நடுவே, ஒரு திசையில் மட்டும், கொஞ்சம் வீக்கம். அடுக்கடுக்கான பொருள் அப்படித்தான் வீங்கும். எதுவும் வீங்கவில்லை என்று வந்திருந்தால்தான் நான் பயந்திருப்பேன். உலகத்தைப் புரட்டும் பொருள் இல்லை அது. ஆனால் தூக்கிப்போட வேண்டிய பொருளும் இல்லை. அவள் கைடும் படத்தைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். அலுமினியத்தை வைத்துத் திருத்தியது என்பதையும் மறைக்காமல் எழுதியே ரிப்போர்ட்டை அனுப்பினாள். ஃபெல்லோஷிப் நின்றுபோகவில்லை.

சுபாவின் அப்பா வாசலில் பூக்கூடைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய், "அண்ணாச்சி, உங்க மக நல்லா இருக்கா!" என்றேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதான் காலையிலேயே சொன்னீங்களே மேடம்" என்றார்.

பின்னால் நின்ற தங்கராஜ் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

அந்தப் பராமரிப்பு முடிந்து திரும்பிப் போனதும் நான் செய்த முதல் வேலை, பொடிக்கு மட்டும் தனி பீம்லைன் வேண்டும் என்று விண்ணப்பம் எழுதியது. இந்தச் சம்பவத்தை அப்படியே எழுதினேன். பொது பீம்லைனில் முறை மாறும்போது என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? எழுதியதைத் தங்கராஜிடம் காட்டினேன். அவர் கையெழுத்தும் வேண்டும். பொடிக்குத் தனியாக ஒதுக்கினால் அவர் ஆட்கள் வேறு இடம் தேடிப் போக வேண்டும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

முழுக்கப் படித்தார். "இதுல அலுமினியத்தைக் கேட்டது நான்தாண்ணு எழுதியிருக்கியே, அதை எடுத்துரு" என்றார்.

"ஏன்? உண்மைதானே?"

"உண்மைதான். ஆனா மேல உள்ளவன் அதை வாசிச்சாம்ணு வையி, எல்லா ஆளும் ஒரே எடத்துல இருந்தாத்தான் நல்லதுண்ணு சொல்லிருவான். ஒனக்கு ஒருபூ கிடைக்காது. ஒனக்க பிள்ளையளுக்கு ஒருபூதான் வேணும். ஊதா பாத்து ஊதா பாத்து அதுகளுக்க பாதி நேரம் போவுது. நான் கண்ணால பாத்தேனே." சொல்லிக்கொண்டே அந்த வரியை அவர் பேனாவாலேயே அடித்தார். கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வழக்கம்போல, எழுந்திருக்கவே இல்லை. அன்று நானும் அவரை எழுப்பவில்லை.

கோப்பு நகர்ந்து நகர்ந்து, நாங்கள் இரண்டு பேரும் ஓய்வு பெற்று, சுபா அங்கேயே வேலைக்குச் சேர்ந்து பொறுப்பாளரும் ஆன பிறகுதான் உங்கள் பீம்லைன் வந்திருக்கிறது. விண்ணப்பத்தில் போகாத அந்த வரியைத்தான் இன்று உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் பீம்லைன் எங்களுடையதை விட எல்லா வகையிலும் மேல். அலைநீளம் அசையாது. கோடு மெலிசாக நிற்கும். அதற்காகத்தான் நான் தொண்டை வறளக் கத்தினேன், இன்றும் அதில் ஒரு சொல்லைத் திரும்பப் பெற மாட்டேன். ஆனால் பழைய கேபினை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. ஊதா பார்த்துவிட்டு உட்கவர்தல் ஆட்கள் எழுந்திருக்காமல் டீ குடிப்பார்கள். உயர் அழுத்தக்காரர் ஸ்பேனரைத் தேடிக்கொண்டு வந்து, தேடியதை மறந்து பேசிக்கொண்டு நிற்பார். ஒருத்தர் படத்தை ஒருத்தர் எட்டிப் பார்த்து, "இது என்ன அசிங்கமா நிக்குது?" என்று கேட்பார்கள். கோபம் வரும். அந்தக் கோபத்தில்தான் நாங்கள் எத்தனையோ தப்பைக் கண்டுபிடித்தோம்.

போன வாரம் சுபா உங்கள் கேபினின் படத்தை அனுப்பியிருந்தாள். திரைகள், கம்பிகள், எல்லாம் பளபளவென்று இருந்தன. நாற்காலி ஒன்றே ஒன்று. "முறை மாத்திவிட ஆள் வராதே அக்கா, ரெண்டாவது எதுக்கு?" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் நன்றாகத் திட்டிவிட்டேன். இன்னொன்று வாங்கிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலியாக இருந்தாலும் போதும். அடுத்த கட்டிடத்துக்காரர் யாராவது வழியில் போனால் இழுத்து உட்கார வையுங்கள். சாம்பல் பட்டையைப் போடும் முன் படத்தை அவருக்குக் காட்டுங்கள். அவருக்குப் பொடியைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டால் இன்னும் நல்லது.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் சுபா உங்கள் பீம்லைனில் எடுத்த முதல் படத்தை எனக்கும் தங்கராஜுக்கும் சேர்த்து அனுப்பியிருக்கிறாள். அவ்வளவு மெலிசான கோடுகளை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு தக்கலையிலிருந்து தங்கராஜ் போனில் பேசிப் பதிந்து அனுப்பிய குரல் வந்தது.

"கொள்ளாம் மக்கா, நல்லாயிருக்கு. ஆனா வலது ஓரத்துல, அந்தச் சாம்பல் பட்டைக்குள்ள, ஒரு குட்டிக் கோடு நிக்குதே. அது யாரு?"

சுபா இன்னும் பதில் போடவில்லை. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆமாம், நிற்கிறது.